"தெரியும் சார், ஆனா வரல": படித்தது ஏன் மறக்கிறது, மறக்காமல் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் குரூப் 4 தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் வந்தவர்களில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த ஒரு பெண் இருந்தார். அவருடைய பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் மஞ்சள், பச்சை, ரோஸ், ஆரஞ்சு என நான்கு நிறத்தில் கோடுகள். கோடு போடாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்று முறை முழுசாக முடித்திருந்தார். மாதிரித் தேர்வில் அந்தப் புத்தகத்திலிருந்து 20 கேள்விகள் வந்தன. 8 தான் சரி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் தெரியும் சார், ஆனா வரல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு நான் விடையைச் சொன்னதும், "ஆமா சார், இடது பக்கம், கீழ, பச்சைக் கோடு போட்டிருப்பேன்" என்றார். புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். இடது பக்கம், கீழே, பச்சைக் கோடு. இடம் நினைவில் இருக்கிறது, நிறம் இருக்கிறது, விடை மட்டும் வரவில்லை.

இந்த வழிகாட்டி அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்காக. ஒரு விஷயம் மனசுக்குள் போவது வேறு, உள்ளே தங்குவது வேறு, கேட்டவுடன் வெளியே வருவது வேறு. நம்மில் பெரும்பாலோர் முதல் வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, மூன்றாவது வேலை தானாக நடந்துவிடும் என்று நம்புகிறோம். நடக்காதபோது "எனக்கு ஞாபக சக்தி கம்மி" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். அந்த நோதல் தேவையில்லாதது. ஏன் என்று முதலில் பார்ப்போம்.

படி 1: நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரியவைத்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். சிறு வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு. எந்த மருந்தும் கேட்கவில்லை. 1953 ஆகஸ்ட்டில், 27 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும், காதுக்கு உள்பக்கமாக ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் புது ஆள். குழந்தைப் பருவத்து நினைவுகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பேச்சு, புத்தி, மரியாதை எதுவும் குறையவில்லை.

மான்ட்ரியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைச் சோதிக்க வந்தார். ஒரு நட்சத்திரப் படம். அதன் விளிம்பில் இரட்டைக் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலால் வரைய வேண்டும். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் மட்டும் பார்க்கலாம். நீங்களே செய்து பாருங்கள், மூலைக்கு மூலை பென்சில் எதிர்த்திசையில் ஓடும். மொலைசனுக்கும் முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் கோடு ஏறக்குறைய சுத்தம். ஆனால் ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு படத்தை முன்பு வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை. கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

2008இல், 82 வயதில் அவர் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் வெறும் இரண்டு எழுத்துதான். ஐம்பது வருடத்துக்கு மேல், ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகமாகி, சலிக்காமல் ஒத்துழைத்தார். நினைவு பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் தந்தது. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

தேர்வுக்குப் படிக்கிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. செய்திகளும் சம்பவங்களும் ஹிப்போகேம்பஸ் வழியாகத்தான் உள்ளே பதிகின்றன. பதிவது ஒரு நொடியில் முடிகிற காரியமும் இல்லை, நாள் கணக்கில், சிலவற்றுக்கு வருடக் கணக்கில் நடப்பது. அடுத்தது, பழகி வருகிற திறமை வேறு பாதை. தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம் எல்லாம் அந்தப் பாதையைச் சேர்ந்தவை. தீர்த்து வைத்த கணக்கை வாசித்தால் வராது. பேனா பிடித்துப் போட்டுப் பழகினால்தான் வரும். நீச்சல் பற்றிப் படித்து யாரும் நீந்தியதில்லை.

படி 2: உள்ளே போனதா என்று முதலில் பாருங்கள்

உங்கள் பர்ஸில் 50 ரூபாய் நோட்டு இருக்கும். எடுக்காமல் சொல்லுங்கள், பின்பக்கத்தில் என்ன படம்? எத்தனை நூறு முறை கைமாறியிருக்கும்! என் வகுப்பில் 30 பேரில் இரண்டு பேர்தான் சொன்னார்கள். ஹம்பியின் கல்தேர். 200 ரூபாயில் சாஞ்சி ஸ்தூபி. 1979இல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் இதையே ஒரு சென்ட் நாணயத்தை வைத்துச் செய்தார்கள். தினமும் புழங்கும் காசை வரையச் சொன்னால் பெரும்பாலோரால் சரியாக வரைய முடியவில்லை.

ஆயிரம் முறை பார்த்தாலும், கவனிக்காதது பதிவாவதில்லை. "மறந்துவிட்டேன்" என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் உள்ளே போகவே போகாதவை. கடிகாரம் ஓட, டிவி ஓட, மடியில் போன் மினுக்க, கண் மட்டும் வரியின் மேல் ஓடினால் அது நோட்டைப் பார்ப்பது போலத்தான்.

கவனித்தது முதலில் வந்து சேரும் இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். மிகச் சிறிய இடம். 1956இல் ஜார்ஜ் மில்லர் அங்கே ஏழு பொருள், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001இல் நெல்சன் கோவன், உண்மையில் நான்குதான் என்று வாதிட்டார். அங்கே எதுவும் நிற்கவும் நிற்காது. 1959இல் பீட்டர்சன் தம்பதியர் மூன்று எழுத்துகளைச் சொல்லி, உடனே ஒரு பெரிய எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 18 நொடியில் அந்த மூன்று எழுத்தும் பெரும்பாலும் போய்விட்டது. படிக்கும்போது வரும் ஒரு வாட்ஸ்அப் செய்தி இதே வேலையைத்தான் செய்கிறது.

அந்தச் சிறிய இடத்தில் அதிகம் வைக்க ஒரே வழி, கட்டுக் கட்டாகக் கட்டி வைப்பது. செல்போன் எண்ணைப் பத்து இலக்கமாக யாரும் சொல்வதில்லை, துண்டு துண்டாகத்தான் சொல்கிறோம். நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். பத்துப்பாட்டின் பத்து நூல்களையும் அடக்கிய "முருகு பொருநாறு" என்று தொடங்கும் வெண்பாவைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் "பாணிரண்டு" என்று ஒரு சொல் வரும். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை இரண்டும் அந்த ஒரே சொல்லுக்குள். கட்டுவது என்றால் இதுதான்.

செய்ய வேண்டியது: 25 நிமிடம் போனை அடுத்த அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, அடுத்த அறை. ஒரு பத்தி முடிந்ததும் கண்ணை எடுத்து, "இப்போ என்ன படிச்சேன்?" என்று ஒரு வரியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் அந்தப் பத்தி உள்ளே போகவில்லை.

படி 3: மறதி எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே எலியாக வைத்துச் சோதித்தார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். சில நேரம் கழித்து அதே வரிசையைத் திரும்பக் கற்பார். முதல் முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளப்பார். 1885இல் வெளியிட்ட கணக்கு இது. 20 நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதத்தில் 21. 130 வருடம் கழித்து, 2015இல் ஆம்ஸ்டர்டாமில் இதை மறுபடி செய்து பார்த்தார்கள். வளைவு ஏறக்குறைய அப்படியே வந்தது.

இந்த எண்களைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். நான் இதில் பார்ப்பது வேறு. முதல் ஒரு மணி நேரத்தில் கொட்டுவது பெரிது, ஆறு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொட்டுவது வெறும் நான்கு சதவீதம். மறதி முதலில் ஓடும், அப்புறம் நடக்கும், கடைசியில் தவழும். அப்படியென்றால் காவல் போட வேண்டியது ஆரம்பத்தில். காலையில் படித்ததை அன்று இரவே ஒருமுறை எடுத்துப் பார்க்கிறவருக்கும், "மாசக் கடைசியில ரிவிஷன்" என்று விடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

இன்னொரு ஆறுதலும் இதில் உண்டு. அவர் அளந்தது அர்த்தமற்ற அசைகளை. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது. மேலும், சுத்தமாக மறந்துபோனதாக நினைத்ததைத் திரும்பக் கற்கும்போது நேரம் மிச்சமாகிறது என்றால், அடியில் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? பத்து வருடம் கழித்துப் படிக்க வந்த இல்லத்தரசிகள் "பள்ளியில படிச்சதெல்லாம் போச்சு" என்பார்கள். இரண்டே வாரத்தில் மளமளவென்று ஏறும்.

படி 4: ஒன்றோடொன்று குழம்புவதைப் பிரியுங்கள்

எங்கள் வகுப்பில் அதிகம் சறுக்கும் இடம் அரசியலமைப்புத் திருத்தங்கள். 42, 44, 61, 73, 74, 86. இவை மறப்பதில்லை, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. உளவியலில் இதற்குக் குறுக்கீடு என்று பெயர். ஒரே சாயலில் இருப்பவை ஒன்றை ஒன்று மறைக்கும். பழையது புதியதை மறைக்கும், புதியது பழையதையும் மறைக்கும். புது வீட்டுக்குப் போன பிறகும் கை பழைய சுவிட்ச் இருந்த இடத்துக்கே போகிறதே, அதுதான்.

இதற்கு மருந்து இன்னும் பத்து முறை வாசிப்பது இல்லை. பட்டியலாக வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கெட்டியாகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எங்கே பிரிகிறது? ஏன்?" என்று கேட்க வேண்டும். 42ஆம் திருத்தம் 1976, நெருக்கடி நிலையின் நடுவே வந்தது. முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு என்ற சொற்களைச் சேர்த்தது, அடிப்படைக் கடமைகளைக் கொண்டுவந்தது. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை முடிந்தது, ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் என்ன செய்வார்கள்? இப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது என்று கதவை இறுக்குவார்கள். அதுதான் 1978இன் 44ஆம் திருத்தம். "உள்நாட்டுக் குழப்பம்" என்று சொல்லி இனி நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது, "ஆயுதக் கிளர்ச்சி" இருந்தால்தான் முடியும் என்று மாற்றியது. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்ததும் அதே திருத்தம். காரணம் தெரிந்த பிறகு 42க்கும் 44க்கும் குழப்பம் வருமா?

73, 74 இரண்டும் 1992. முதலில் கிராமம், அப்புறம் நகரம். ஊராட்சி 73, நகராட்சி 74. 61 வாக்குரிமை வயதை 21லிருந்து 18க்குக் குறைத்தது. 86 கல்வி உரிமை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே சாயல் பாடங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். திருத்தங்களுக்குப் பின்னாலேயே அட்டவணைகளைப் படிக்காமல், நடுவில் ஒரு கணக்கோ தமிழ் இலக்கணமோ வரட்டும்.

படி 5: புத்தகத்தை மூடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

2006இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கே இருவரும் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுத்தார்கள். சில கட்டுரைகளை இரண்டு முறை படிக்க வேண்டும். வேறு சிலவற்றை ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்ததே ஜெயித்தது, 81 சதவீதத்துக்கு 75. இரண்டு நாள் கழித்து தலைகீழ், 54க்கு 68. ஒரு வாரத்தில் 42க்கு 56. எழுதியவர்களுக்கு விடை சரியா என்றுகூட யாரும் சொல்லவில்லை. முயன்று எடுத்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்த சோதனையில் வந்த ஒரு முடிவு என்னை இன்னும் யோசிக்க வைப்பது. நான்கு முறையும் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்" என்று அதிகம் நம்பினார்கள். ஒரு வாரம் கழித்து மிகக் குறைவாக நினைவுகூர்ந்தவர்களும் அவர்களே. திரும்ப வாசிக்கும்போது வரி பழகிய முகமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். நான்கு நிறக் கோடு போட்ட பெண்ணுக்கு நடந்தது இதுதான். அவர் மூன்று முறை உள்ளே அனுப்பினார். ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை. முதன்முதலாக எடுத்துப் பார்த்ததே தேர்வில்தான்.

எப்படிச் செய்வது? நான் அவருக்குச் சொன்னது இதுதான். ஒரு பாடத்தை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். மூடுங்கள். வெள்ளைத் தாளில், நீல மையில், நினைவில் வந்ததை வந்த வரிசையில் எழுதுங்கள். கையெழுத்து, வாக்கியம் எதுவும் முக்கியமில்லை. நின்றுபோகும் இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள், இரண்டு நிமிடம் தவியுங்கள். அந்தத் தவிப்புதான் படிப்பு. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள் சிவப்பில் இருப்பதை மட்டும் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் அவர் கொண்டுவந்த தாளில் நீலம் ஆறு வரி, மீதி பக்கம் முழுக்கச் சிவப்பு. கண் கலங்கிவிட்டார். மூன்று முறை படித்தவருக்கு அந்தத் தாள் கொடுமையாகத்தான் இருக்கும். நான்காவது வாரத் தாளில் நீலம் பக்கத்தைத் தாண்டிப் பின்பக்கம் போயிருந்தது.

படி 6: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

ஒரே நாளில் ஐந்து முறை எடுத்துப் பார்ப்பதைவிட, ஐந்து நாளில் ஒவ்வொரு முறை பார்ப்பது அதிக நாள் நிற்கும். கொஞ்சம் மறக்க விட்டு எடுத்தால்தான் எடுப்பதற்கு முயற்சி வேண்டியிருக்கும். எவ்வளவு இடைவெளி? 2008இல் செபீடா குழுவினர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், அது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் தேர்வென்றால் ஓரிரு நாள் இடைவெளி. ஒரு வருடம் இருக்கிறதென்றால் மூன்று, நான்கு வாரம்.

இதைத் தலையில் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் ஒரு பெட்டி முறையைப் பரப்பினார். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. பெட்டியில் நான்கு தடுப்பு. முதல் தடுப்பைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது. இந்தக் கணக்கு நான் எங்கள் வகுப்புக்காகப் போட்டது, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். விடை சரியென்றால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தப்பென்றால், எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்கு வந்துவிடும். உங்களுக்கு எது வராதோ அது மட்டும் உங்கள் முன்னால் அடிக்கடி வந்து நிற்கும்.

காசு கொடுத்து அட்டை வாங்க வேண்டியதில்லை. அந்தப் பெண் தன் கடையில், மடித்த சட்டைக்குள் விறைப்புக்காக வைத்து வரும் அட்டைகளைச் சேர்த்து, நான்காக வெட்டிக்கொண்டார். பெட்டி, ஒரு பழைய செருப்புப் பெட்டி. முதல் தடுப்பு அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பார்ப்பார். ஒருநாளைக்கு 15 புது அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒரு மாதத்தில் பெட்டி உங்களை விழுங்கிவிடும். என் மாணவர்கள் இந்த முறையைக் கைவிட்டதெல்லாம் ஆசைப்பட்டு நாளுக்கு ஐம்பது எழுதியதால்தான்.

படி 7: ஒட்டாததற்கு மட்டும் கொக்கி போடுங்கள்

காரணம் உள்ள செய்தி தானாக ஒட்டும். பெயர்களும் வரிசைகளும் ஒட்டாது, அவற்றுக்குள் காரணம் இல்லை. அதற்குத்தான் எதுகை, மோனை, அந்தாதி எல்லாம். ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கினால், ஒன்றைப் பிடித்தால் அடுத்தது கையோடு வரும். ஏடு எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் இவைதான் பெரிய துணை. நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லி சதாவதானி என்று பெயர் பெற்றார்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். இட முறை போதும். நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டுக்குள் மனதால் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளை வைப்பது. இன்று உலக நினைவுப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களும் பெரும்பாலும் இதையே செய்கிறார்கள். நான் என் பாட்டி வீட்டில் வைசிராய்களை வைத்திருக்கிறேன். திண்ணையில் கேன் தண்ணீர், கேனிங். ரேழியில் புகை விடும் இஞ்சின், எல்ஜின். முற்றத்தில் எப்படியோ நுழைந்த லாரி, லாரன்ஸ். கூடத்தில் மாடு மேய்கிறது, மேயோ. அடுக்களையில் பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார், நார்த்புரூக். கொல்லையில் லிட்டர் லிட்டராகக் கொட்டிக் கிடக்கும் பால், லிட்டன். கிணற்றடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய சடை, ரிப்பன். படம் எவ்வளவு கோணலோ அவ்வளவு நல்லது. ஒரே ஒரு முறை நடந்து பாருங்கள், இரவு படுக்கும்போது திண்ணையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதைப் போடாதீர்கள். லிட்டன் 1878இல் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்து நம் பத்திரிகைகளின் வாயைக் கட்டினார், ரிப்பன் வந்து அதை எடுத்தார், 1882இல் உள்ளாட்சிக்கு வழி செய்தார். சென்னை மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயரில் நிற்பது அதனால்தான். இதைக் கதையாகவே நினைவில் வைக்கலாம். கொக்கி தேவையே இல்லை.

படி 8: தூங்குங்கள்

1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். அசைகளைக் கற்றுவிட்டு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது பாதிக்கு மேல் நினைவிருந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்து நடமாடியபோது பத்தில் ஒன்றுதான். 1994இல் எலிகளின் மூளையில் இதன் உள்வேலை ஒன்று தெரிந்தது. பகலில் ஒரு பாதையில் ஓடியபோது ஹிப்போகேம்பஸில் எந்தெந்த நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தனவோ, தூக்கத்தில் அவையே மறுபடி சேர்ந்து துடித்தன. பகல் பாடத்தை மூளை இரவில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

தேர்வுக்கு முதல் நாள் விடிய விடியப் படிப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். தூக்கத்தை விட்டுப் படிக்கும் அந்த நேரத்தில் நீங்கள் சேர்ப்பதைவிட இழப்பது அதிகம்.

படி 9: நம்பிக்கையாகத் தப்பு செய்ததைத் தேடிப் பிடியுங்கள்

1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே நைசர் என்ற உளவியலாளர், எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் மூலம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை வருடம் கழித்து 44 பேரிடம் அதையே கேட்டார். நான்கில் ஒருவர் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் உறுதியாக. அவர்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய ஞாபகம் திரும்பவில்லை.

நினைவு பீரோவில் வைத்த பத்திரம் இல்லை. எடுக்கும்போது கொஞ்சம் திருத்தி எழுதப்பட்டு உள்ளே போகக்கூடும். எலிசபெத் லோஃப்டஸ் 1974இல், ஒரே விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் "தொட்டபோது" என்ன வேகம் என்று கேட்டால் ஒரு விடையும், "நொறுங்க மோதியபோது" என்று கேட்டால் அதைவிட அதிகமான விடையும் வருவதைக் காட்டினார். கேள்வியில் இருந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஆகவே மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "உறுதி" அல்லது "சந்தேகம்" என்று குறியுங்கள். உறுதி என்று போட்டுத் தப்பானவைதான் உங்கள் தங்கச் சுரங்கம். உறுதியாக நம்பிய தப்பு திருத்தப்பட்டால், திகைப்பினாலேயே அது மற்றவற்றைவிட நன்றாகப் பதிகிறது என்று 2001இல் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் இருவரும் காட்டினார்கள். அன்றே திருத்துங்கள். தப்பான விடையோடு தூங்கப் போகாதீர்கள்.

படி 10: மறதி உடம்பிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. சாவி எதற்கு என்றே தெரியாமல் நிற்பது நோயின் அறிகுறி. நடுவில் ஒரு பெரிய வெளி இருக்கிறது. என் அம்மா சில வருடம் முன்பு ஒரே கேள்வியைக் காலையில் மூன்று முறை கேட்க ஆரம்பித்தார். வயதாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டி ஆறு மாதம் விட்டுவிட்டோம். இரத்தம் பார்த்தபோது பி12 மிகக் குறைவு. ஊசி போட்டு சில மாதத்தில் பழையபடி கணக்கு வழக்கு பார்க்கத் தொடங்கினார். அந்த ஆறு மாதம் இன்றும் எனக்கு உறுத்தும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், தூக்கம் வரவைக்கும் சில சளி, அலர்ஜி மாத்திரைகள், இவை எல்லாம் நினைவைக் கெடுக்கும், இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவும் முடியும். படிக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். மாதக்கணக்காக எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தேர்வு அறையில் வராமல் நின்றால்

குரூப் 4இல் 200 கேள்வி, மூன்று மணி நேரம். எப்படிப் படித்தாலும் பத்து கேள்விக்காவது விடை தொண்டை வரை வந்து நிற்கும். பயம் ஏறினால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், அது நினைவை வெளியே எடுப்பதையே தடுக்கும். முட்டி மோதாதீர்கள். முட்டும்போது தப்பான விடைதான் திரும்பத் திரும்ப வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அடுத்த கேள்விக்குப் போங்கள், ஓ.எம்.ஆர். தாளில் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டு. திரும்பி வரும்போது விடையைத் தேடாமல், விடையைச் சுற்றி இருந்ததைத் தேடுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், மேலே என்ன படம், அன்று வெள்ளைத் தாளில் எழுதியபோது அது நீலமா சிவப்பா, அட்டையை எந்த பஸ் நிறுத்தத்தில் பார்த்தீர்கள்.

ஜவுளிக்கடைப் பெண் அடுத்த மாதிரித் தேர்வு முடிந்து வெளியே வந்து சொன்னார்: "ரெண்டு கேள்வி வரல சார். விட்டுட்டுப் போயிட்டேன். கடைசியில யோசிச்சப்ப முதல்ல பச்சைக் கோடு வந்துச்சு. கொஞ்சம் பொறுத்தேன், பின்னாடியே விடையும் வந்துச்சு."